இரண்டு பேர், ஒரு படகு, 44 லொக்: ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஜோர்ஜியன் குடாவுக்கு

கேள்வி சுருக்கமாக இது: ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் நிற்கும் 34 அடி டீசல் படகு, ஒற்றை எஞ்சின், ஓட்டப்போவது அறுபது வயதைத் தொட்ட கணவனும் மனைவியும் மட்டுமே. ட்ரென்ட்-செவேர்ண் நீர்வழியால் ஜோர்ஜியன் குடாவுக்குப் போய், முடிந்தால் குடாவின் வடகரையில் உள்ள கிலார்னி வரை ஏறவேண்டும். இருவரால் முடியுமா, எத்தனை நாள் வேண்டும், ஒரு நாளில் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம், எங்கே சிக்கும்?

முடியும். இருவர் மட்டுமே ஓட்டும் படகுகள் இந்தப் பாதையில் சாதாரணம். ஆனால் கிலோமீற்றர் கணக்கைக் கையோடு விட்டுவிடுங்கள். இந்தப் பாதையில் ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பதைத் தீர்மானிப்பவை லொக்குகளும் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள்) காற்றும்தான். நீர்வழி தொடங்கும் ட்ரென்ரனிலிருந்து முதல் 11 கிலோமீற்றருக்குள் ஆறு லொக் வரும். அரை நாள் அதிலேயே போய்விடும். பிறகு ஹேஸ்டிங்ஸைத் தாண்டினால் பீற்றர்பரோ வரை 60 கிலோமீற்றர் அளவில் ஒரு லொக்கும் இல்லை. அதை ஒரே நாளில் ஓடிவிடலாம். இரண்டையும் ஒரே கோலால் அளந்து திட்டம் போடுகிறவர்கள் மூன்றாம் நாளே களைத்துப்போய் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிப்பார்கள்.

மொத்தக் கணக்கு இப்படி. நீர்வழியின் நீளம் 386 கிலோமீற்றர். லொக்குகளின் எண் 45 வரை போகிறது, ஆனால் 29 என்ற எண் இப்போது இல்லை. பர்லி நீர்வீழ்ச்சியில் இரண்டை ஒன்றாக்கியபோது போனது. ஆக 44. கால்வாய் வெட்டுகளில் வேக எல்லை மணிக்கு 10 கிலோமீற்றர், ஏரிகளில் உங்கள் படகு சுகமாக 12 ஓடும். சராசரி 11 என்று வைத்தால் ஓட்டம் மட்டும் 35 மணி. லொக் ஒன்றுக்குக் காத்திருப்போடு அரை மணி, அது 22 மணி. நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் பத்து நாள். காற்றுக்காக நிற்கும் நாள், துணி துவைக்கும் நாள், ஒன்றும் செய்யாத நாள் என்று நான்கைச் சேர்த்து இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஏழு நாளிலும் போகிறார்கள். ஆனால் அது பயணம் இல்லை, படகை இடம் மாற்றுவது.

காலம்: வழமையாக மே மாத விக்டோரியா தின வார இறுதியில் திறந்து, ஒக்டோபர் நன்றியறிதல் நாளோடு மூடுவார்கள். லொக் இயங்கும் மணிநேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், பார்க்ஸ் கனடா ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள். கட்டணம் படகின் நீள அடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. லொக் கடப்பதற்கு ஒரு அனுமதி, இரவில் லொக் சுவரில் கட்டுவதற்கு இன்னொன்று. சுவரில் கட்டுவதற்கான அனுமதியைக் கட்டாயம் வாங்குங்கள். மாலையில் லொக் மூடியபின் அந்த இடங்கள் இந்த நீர்வழியிலேயே அமைதியானவை.

படகு பொருந்துமா என்ற கவலை வேண்டாம். 34 அடிப் படகு நீருக்குள் 1.2 மீற்றர் அளவு அமிழும், 1.5 மீற்றருக்கு மேல் அமிழும் படகுகள்தான் முன்கூட்டியே கேட்கவேண்டும். பாலங்களுக்கு அடியில் 6.7 மீற்றர் இடம் உண்டு. உங்கள் கொடிக்கம்பத்தையும் ரேடியோ அன்டெனாவையும் சேர்த்து நீர்மட்டத்திலிருந்து உயரத்தை ஒருமுறை நாடா பிடித்து அளந்து, சுக்கானுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். விற்பனைப் பத்திரத்தில் இருக்கும் உயரத்தை நம்பவேண்டாம், அதில் அன்டெனா இருக்காது.

இனி, யார் என்ன செய்வது. நம் ஆட்களிடம் ஒரு பழக்கம்: கணவன் சுக்கானில் நிற்பார், மனைவி கயிற்றோடு முன்னால் ஓடுவார். இது தலைகீழாக இருக்கவேண்டும். சுக்கானும் கியரும் கேட்பது பொறுமையையும் கணிப்பையும். கயிறு கேட்பது தோள் பலத்தை. ஏழு எட்டுத் தொன் படகைக் காற்றுக்கு எதிராகக் கையால் இழுத்து நிறுத்துகிறவர் இருவரில் பலமானவராக இருக்கட்டும். குறைந்தது வாரத்துக்கு இரண்டு நாளாவது மாறி நில்லுங்கள். இதில் சமத்துவப் பேச்சு ஒன்றும் இல்லை. எப்போதும் ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்துவிட்டால், மற்றவருக்குக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவரவும், படகைத் திருப்பி ஆளை அணுகவும், எஞ்சினை நிறுத்தவும் தெரிந்திருக்கவேண்டும். ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்த படகில் உண்மையில் அரை ஆள்தான் இருக்கிறார். கனடாவில் எஞ்சின் படகு ஓட்டும் ஒவ்வொருவரிடமும் படகோட்டி அட்டை இருக்கவேண்டும் என்பது சட்டம். இருவரும் எடுங்கள், ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். விஎச்எஃப் என்கிற படகு ரேடியோவுக்கு வேறு சான்றிதழ், அதையும் இருவருமே எடுப்பது நல்லது.

ஒருவருக்கொருவர் கத்துவதற்குப் பதில் ஹெட்செட் வாங்குங்கள். முன்னால் நிற்பவரும் சுக்கானில் நிற்பவரும் மெதுவாகப் பேசிக்கொள்ளும் கருவி. இங்கே படகுக்காரர் அதற்கு வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் ‘கல்யாணக் காப்பான்’. பெயர் பகிடி, பயன் பகிடி இல்லை. எஞ்சின் சத்தத்தில் ‘கொஞ்சம் பின்னால்’ என்று கத்துவது கோபமாகத்தான் கேட்கும்.

லொக்கைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் முதல் ஆறும் அடுத்தடுத்து வந்து பழக நேரம் தராது. தமிழில் நீர்ப்பூட்டு என்று எழுதுவோம், பேச்சில் லொக்தான். லொக்கை நெருங்கும்போது கரைச் சுவரில் நீல வரி பூசிய பகுதி தெரியும். கடந்து போக விரும்புகிறவர் அங்கே கட்டவேண்டும். அதற்கு வெளியே கட்டினால் இரவு தங்க வந்தவர் என்று நினைத்து உங்களை விட்டுவிடுவார்கள். காத்திருக்கும்போதே படகின் இரண்டு பக்கமும் ஃபெண்டர்களை, அதாவது சுவரில் உராயாமல் காக்கும் காற்றடைத்த மெத்தைகளை, தொங்கவிடுங்கள். எந்தச் சுவர் என்று ஊழியர் கடைசி நிமிடத்தில்தான் சொல்லக்கூடும். சுவர் கரடுமுரடான கொங்கிரீற்று, பாசி பிடித்தது. புது வெள்ளை ஃபெண்டர் ஒரே நாளில் கறுத்துவிடும், அதற்கு உறை போடுங்கள்.

உள்ளே போனதும் சுவரில் மேலிருந்து கீழாக, ரப்பர் உறை போட்ட இரும்பு வடங்கள் வரிசையாகத் தெரியும். 10 மீற்றர் அளவில் இரண்டு கயிறு தயாராக இருக்கவேண்டும். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. முன்பக்கத்தை நம் கரையோரத்தில் அணியம் என்பார்கள். அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன். கயிற்றின் ஒரு முனையைப் படகின் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) கட்டி, மறுமுனையை வடத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கையில் பிடிக்கவேண்டும். முதலில் பின்கயிறு, பிறகு அணியம். இந்த வரிசை முக்கியம். படகு இன்னும் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும்போது அணியத்தைப் பிடித்தால் பின்பக்கம் சுவரை விட்டு விலகி லொக்குக்குக் குறுக்கே திரும்பிவிடும். முதல் வாரத்தில் நடக்கும் அவமானங்களில் பாதி இதுதான்.

இருவரும் கயிற்றைப் பிடித்தபின் எஞ்சினை நிறுத்துங்கள். அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. பக்கத்துப் படகு பெற்றோல் படகாக இருக்கலாம். ஏறும்போது தண்ணீர் கீழிருந்து பொங்கி வரும், அணியம் தள்ளாடும், கயிற்றை விடாமல் சேர்த்துச் சேர்த்து இழுக்கவேண்டும். இறங்கும்போது ஆபத்து வேறு. கையில் பிடிக்கவேண்டிய முனையையும் யாராவது கிளீட்டில் கட்டிவிட்டால், தண்ணீர் இறங்க இறங்கப் படகு கயிற்றில் தொங்கும். சாய்ந்து, கிளீட் பிடுங்கிக்கொண்டு வரும்வரை சத்தமே இருக்காது. ஒரு கூரான கத்தி கைக்கெட்டும் தூரத்தில் உறையோடு இருக்கட்டும். விரலைக் கயிற்றுக்கும் கிளீட்டுக்கும் இடையில் ஒருபோதும் விடாதீர்கள். கையுறை போடுங்கள்.

ரானி நீர்வீழ்ச்சியிலும் ஹீலி நீர்வீழ்ச்சியிலும் படிக்கட்டு லொக்குகள் உண்டு. ஒன்றிலிருந்து வெளியே வராமல் நேரே அடுத்ததுக்குள் போவீர்கள், கயிறுகளைச் சுருட்டி வைக்க நேரம் இருக்காது. அதற்கு முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள்.

ஹேஸ்டிங்ஸைக் கடந்தால் ரைஸ் ஏரி. மேலோட்டமாகப் பார்த்தால் விரிந்த, இலகுவான ஏரி. ஆனால் 1854இல் இதன் குறுக்கே ஒரு ரயில் பாதை போட்டார்கள், கொபர்க்கிலிருந்து பீற்றர்பரோவுக்கு. பனிக்கட்டி பாலத்தைச் சில ஆண்டுகளிலேயே சிதைத்தது. அணைத் திட்டின் கல்லும் மரமும் இன்னும் நீருக்கு அடியில் கிடக்கின்றன. மிதவைகள் காட்டும் இடைவெளியால் மட்டும் கடக்கவேண்டும். ஜிபிஎஸ் திரையில் நேர்கோடு இழுத்து ஓட்டுகிறவர்களின் புரொப்பெல்லர்கள் போகும் இடம் இது.

பீற்றர்பரோவின் 21ஆம் லொக் 1904இல் திறந்தது. வடிவமைப்பைத் தந்தவர் பொறியாளர் ரிச்சர்ட் பேர்ட்சால் ரொஜர்ஸ். இரண்டு பிரமாண்டமான இரும்புத் தொட்டிகள், தராசுத் தட்டுப் போல. மேலே இருப்பதில் ஏறத்தாழ ஒரு அடி கூடுதலாகத் தண்ணீர் விடுவார்கள், அது மட்டும் 130 மெற்றிக் தொன் வரும். அந்தப் பாரத்தில் மேல் தொட்டி இறங்க, உங்கள் தொட்டி 65 அடி ஏறும். படகின் பாரம் கணக்கில் வராது, ஏனெனில் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை உள்ளே வரும்போதே வெளியே தள்ளிவிடுகிறது. உங்களுக்கு இங்கே வேலை குறைவு. தொட்டியின் விளிம்பில் கட்டிவிட்டுச் சும்மா நிற்கலாம்; பொங்கல், தள்ளாட்டம் எதுவும் இல்லை. அதன்பிறகு லேக்ஃபீல்ட் வரை ஐந்து லொக் நெருக்கமாக வரும், அன்று அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

லேக்ஃபீல்டிலிருந்து பர்லி, பக்ஹோர்ன், பொப்கேஜன், ஃபெனலன் நீர்வீழ்ச்சி வரையான கவார்த்தா ஏரிகள்தான் பயணத்தின் சுகமான பகுதி. கோடை வார இறுதிகளில் லொக்குகளில் வரிசை நிற்கும். வெள்ளி மதியத்துக்குள் ஒரு இடத்தில் கட்டிவிட்டுத் திங்கள் காலை கிளம்பினால் ஒரு மணி நேரக் காத்திருப்புகள் எல்லாம் மறைந்துவிடும். பொப்கேஜனில் 1833இலேயே ஒரு லொக் கட்டினார்கள். நீர்வழி முழுவதும் இணைந்தது 1920இல். அவசரப்படாததற்கு முன்னுதாரணம் வேண்டுமானால் இதுவே காணும்.

பால்சம் ஏரி உச்சி. கடல்மட்டத்திலிருந்து 256 மீற்றர். ட்ரென்ரனிலிருந்து 180 மீற்றர் ஏறி வந்திருப்பீர்கள், இனி ஜோர்ஜியன் குடாவுக்கு 80 மீற்றர் இறக்கம். ஏரியை விட்டு மேற்கே போகும் கால்வாய் பாறையை வெடித்து வெட்டியது, இரண்டு பெரிய படகுகள் ஒன்றையொன்று கடப்பது கஷ்டம். நுழையும் முன் விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையில் படகின் பெயர், நீளம், போகும் திசை மூன்றையும் அறிவியுங்கள். பதில் வந்தால் வெளியே நின்று வழி விடுங்கள்.

அதற்கடுத்த மிச்சல் ஏரியும், கேர்க்ஃபீல்டுக்கு அப்பால் கனால் ஏரியும் பெயருக்குத்தான் ஏரிகள். வெள்ளம் தேக்கி மூழ்கடித்த நிலம். கால்வாய்க்கு வெளியே மரக் குற்றிகள், உள்ளே களை. ஒற்றை எஞ்சின் படகு இங்கேதான் சூடேறும். காரணம் எளிது: எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சும் ஏரித் தண்ணீரோடு களையும் வந்து வடிகட்டியை அடைத்துவிடும். வெப்ப முள் வழமையான இடத்தைவிட ஏறத் தொடங்கியதும், எச்சரிக்கை மணி அடிக்கும்வரை காத்திராமல் வேகத்தைக் குறையுங்கள். பின்னால் புகைக்குழாயோடு வரும் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். குறைந்திருந்தால் ஓரத்தில் நங்கூரம் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சீகொக் என்கிற அடைப்பானை மூடி, வடிகட்டியின் மூடியைக் கழற்றிக் களையை அள்ளி எடுத்து, மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து மூடி, அடைப்பானைத் திறந்து பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அந்தக் கடைசிக்கு முந்தின படியை மறப்பவர்கள் ஏராளம். அடைப்பானை மூடும்போது எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள். சாவி எடுக்கப் போனால் திறக்கவும் நினைவு வரும்.

மறந்து ஓட்டினால் போவது இம்பெல்லர். தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரம். தண்ணீர் இல்லாமல் சில நிமிடத்தில் இதழ்கள் கருகி உடையும். மாற்று இம்பெல்லர் இரண்டும் மூடிக்கான கஸ்கெட்டும் படகில் இருக்கவேண்டும், கடையில் தேடிப் போகும் சாமான் இல்லை இது. கழற்றியதும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு எங்கோ உள்ளே, பெரும்பாலும் வெப்பப் பரிமாற்றியின் வாயில் நிற்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புதியதைப் போட்டால் எஞ்சின் மீண்டும் சூடேறும், நீங்கள் புது இம்பெல்லரைச் சந்தேகிப்பீர்கள். புதியதில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் தடவி, பம்பு சுழலும் திசைக்கேற்ப இதழ்களை மடித்து உள்ளே தள்ளுங்கள். இதோடு இரண்டு டீசல் வடிகட்டி, பெல்ட், எஞ்சின் எண்ணெய், கூலன்ட். மற்றவை வழியில் கிடைக்கும்.

கேர்க்ஃபீல்டில் 36ஆம் லொக், 1907இல் திறந்தது, பீற்றர்பரோவின் தங்கச்சி. வித்தியாசம், இங்கே நீங்கள் மேலே இருந்து நுழைகிறீர்கள். தொட்டிக்குள் படகை ஓட்டிப் போய் நிறுத்தும்போது அணியத்துக்கு முன்னால் ஒரு கதவு, அதற்கப்பால் ஆகாயம், 49 அடிக்குக் கீழே கால்வாய். உயரம் ஆகாதவர் அன்று பின்கயிற்றைப் பிடிக்கட்டும்.

இந்த லொக்கோடு இன்னொன்றும் மாறுகிறது, பலர் தவறவிடுவது இதைத்தான். ட்ரென்ரனிலிருந்து இதுவரை சிவப்பு மிதவை உங்கள் வலப்பக்கம் இருந்திருக்கும், பச்சை இடப்பக்கம். இனி போர்ட் செவேர்ண் வரை சிவப்பு இடப்பக்கம். காரணம், மிதவைகளின் நிறம் நீரோட்டத்துக்கு எதிராகப் போகிறவரை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. உச்சியைத் தாண்டியபின் நீங்கள் ஓட்டத்தோடு போகிறீர்கள். ஒரு துண்டுச் சிவப்பு நாடாவைக் கண்ணாடியின் வலப்பக்கம் ஒட்டி, கேர்க்ஃபீல்டைக் கடந்ததும் இடப்பக்கம் மாற்றி ஒட்டுங்கள். சின்னப்பிள்ளை வேலை போல இருக்கும், பரவாயில்லை.

அடுத்தது சிம்கோ ஏரி. பாதையில் நான் உண்மையிலேயே மரியாதை கொடுக்கச் சொல்லும் இரண்டு திறந்த நீர்ப்பரப்புகளில் இது ஒன்று. கால்வாய் வாயிலிலிருந்து அதர்லி ஒடுக்கம் வரை நேர்கோட்டில் 20 கிலோமீற்றர் சொச்சம், உங்களுக்கு இரண்டு மணி நேரம். ஏரியின் சராசரி ஆழம் 15 மீற்றர் அளவுதான். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று எழுந்தால் – யாழ்ப்பாணத்தில் கச்சான் என்போமே, அந்தத் திசை – ஏரியின் முழு அகலத்தையும் கடந்து வந்து, ஆழம் இல்லாததால் குட்டையான, செங்குத்தான, நெருக்கமான அலைகளை எழுப்பும். கடலில் மூன்று மடங்கு உயர அலை செய்யாத வேலையை இது செய்யும், ஏனெனில் ஒரு அலையிலிருந்து படகு எழும்பும் முன் அடுத்தது வந்துவிடுகிறது. கோடையில் காற்று மதியத்துக்கு மேல்தான் வலுக்கும். ஆகையால் முந்தின நாளே கேம்பிறிஜ் (Gamebridge) லொக், அதாவது 41ஐ அடைந்து, அங்கே இரவைக் கழித்து, விடிந்ததும் கடவுங்கள். வானிலை அறிவிப்பு நொட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் வரும். 10க்குக் கீழே என்றால் போங்கள். 15க்கு மேல் மேற்குக் காற்று என்றால் இன்னொரு தேநீர் ஊற்றுங்கள். 20ஐத் தொட்டால் அதிகாரபூர்வ எச்சரிக்கையே வந்துவிடும்.

அதர்லி ஒடுக்கத்தில் வேகத்தைக் குறைக்கும்போது கீழே ஒரு பழைய விஷயம் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே நீருக்கடியில் மரக் கம்புகள் நட்டு முதற்குடிகள் மீன்பிடி வேலி அமைத்திருந்தார்கள்; அவற்றில் பழையவை கி.மு. 3300 அளவிலானவை. அந்தப் பக்கம் ஒரிலியா, நல்ல துறைமுகம், கடைகள் நடக்கும் தூரத்தில்.

43ஆம் லொக், ஸ்விஃப்ட் ரபிட்ஸ், ஒரே மூச்சில் 47 அடி இறக்கும். வடத்தைச் சுற்றிய கயிற்றை விட்டுக்கொடுத்தபடி இறங்குங்கள், வேறு வித்தை எதுவும் தேவையில்லை. அதன்பின் 44, பிக் ஷூட். இது லொக்கே இல்லை. தண்டவாளத்தில் ஓடும் திறந்த வண்டி தண்ணீருக்குள் இறங்கி, படகை ஆட்களோடு தூக்கி, சாலையைக் கடந்து, 58 அடி கீழே மறுபக்கத் தண்ணீரில் விடும். இப்போதைய வண்டி 1978இலிருந்து ஓடுகிறது. அறுபதுகளில் இங்கும் லொக் கட்டுவதாகத்தான் இருந்தது. கீழ்ப்பக்க நீரில் லாம்ப்ரே என்ற, மீன்களின் இரத்தம் உறிஞ்சும் ஒட்டுண்ணி வந்துவிட்டது தெரிந்ததும், அது மேலே ஏறாதபடி ரயிலையே வைத்துக்கொண்டார்கள். உங்கள் வேலை, ஊழியரிடம் படகின் அடிப்பகுதியைச் சரியாகச் சொல்வது: எவ்வளவு அமிழும், கீல் என்கிற அடிமுதுகு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, புரொப்பெல்லரும் சுக்கானும் கீலுக்குக் கீழே நீள்கின்றனவா. படகைத் தாங்கும் பட்டிகளை அதற்கேற்பத்தான் வைப்பார்கள். படகு கரையில் ஏறியிருந்தபோது பக்கவாட்டில் எடுத்த ஒரு படம் கையில் இருந்தால் பேச்சே தேவையில்லை.

போர்ட் செவேர்ண், 45, இந்த வழியிலேயே சிறியது: 84 அடிக்கு 23 அடி. அதை விட்டு வெளியே வந்ததும் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் குறுகிய, வளைந்த, ஓட்டமுள்ள வாய்க்கால். லொக் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் கயிறு சுருட்டப் போகாதீர்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் மிதவை எண்களை வரைபடத்தோடு வாய்விட்டு ஒப்பிட்டுச் சொல்லவேண்டும்.

ஜோர்ஜியன் குடாவில் அடி கருங்கல். இதுவரை தட்டியிருந்தால் சேற்றிலோ களையிலோ தட்டியிருப்பீர்கள். இங்கே தட்டினால் புரொப்பெல்லர், தண்டு, சில சமயம் அடிப்பலகை. போர்ட் செவேர்ணிலிருந்து கிலார்னி வரை சிறுபடகுகளுக்கென்று மிதவை போட்ட கால்வாய் தீவுகளுக்கு உள்ளே உள்ளே போகிறது. அதற்கான வரைபடங்கள் 2202, 2203, 2204. நீர்வழிக்கு 2021 முதல் 2029 வரையான எண்களில் தேவையானவை. ஆழம் அடியிலா மீற்றரிலா என்பதை ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பாருங்கள். 3 என்பது இரண்டிலும் ஒன்றல்ல. மற்றது, ஹியூரன் ஏரியின் நீர்மட்டம் ஆண்டுக்காண்டு மாறும். 2013 ஜனவரியில் பதிவான அடிமட்டத்துக்கும் 2020இன் உச்சத்துக்கும் இடையில் ஒரு ஆளின் உயரத்துக்கு மேல் வித்தியாசம். வரைபடத்தின் ஆழங்கள் 176.0 மீற்றரை அடிப்படையாக வைத்தவை. அன்றைய மட்டத்தைப் பார்த்து, அதைவிட எவ்வளவு கூட அல்லது குறைய என்பதைக் காலையில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பேரி சவுண்ட் வரை பெரும்பாலும் மறைவான நீர். வடக்கே, பிங் குடாவுக்கு அப்பால் பிரெஞ்சு ஆற்று முகத்தைக் கடந்து கிலார்னி வரையான பகுதிதான் நான் சொன்ன இரண்டாவது திறந்தவெளி. தென்மேற்குக் காற்றுக்குக் குடா முழுவதும் ஓடுகளம். இதற்கு இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு பிங் குடாவின் பிரிட் என்ற ஊரில் காத்திருங்கள். கிலார்னி கட்டாயம் இல்லை. பேரி சவுண்டோடு திரும்பினாலும் பயணத்தில் குறை இல்லை.

மரினாக்களில் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம். விஎச்எஃப் 68இலோ தொலைபேசியிலோ கூப்பிட்டு நீளம் சொல்லும்போது முன்னால் நீட்டிய நங்கூர மேடையையும் பின்னால் நீச்சல் மேடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 34 அடிப் படகு 38 ஆகிவிடும். அகலம், அமிழ்வு, மின்சாரம் 30 அம்பியரா 50ஆ, எந்தப் பக்கம் கட்டுவது, இவற்றையும் கேளுங்கள்.

கட்டும்போது இருவருக்கு நான்கு கயிறு தேவையில்லை, முதலில் ஒன்றே காணும். படகின் நடுக் கிளீட்டிலிருந்து ஒரு கயிறு. மரினாவின் கட்டுமேடைக்குப் பக்கத்தில் படகு நின்றதும், முன்னால் நிற்பவர் குதிக்காமல் அடி எடுத்து வைத்து இறங்கி, அந்தக் கயிற்றை மேடையில் சற்றுப் பின்னால் இருக்கும் கிளீட்டில் குறுகலாகக் கட்டவேண்டும். சுக்கானில் நிற்பவர் மேடைக்கு எதிர்ப்பக்கம் முழுவதும் திருப்பி, கியரை முன்னுக்குப் போட்டு, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் விடவேண்டும். படகு முன்னால் போகப் பார்க்கும், கயிறு விடாது. பின்பக்கம் மேடையோடு ஒட்டிக்கொள்ளும். காற்று எதிரே தள்ளினாலும் அப்படியே நிற்கும். மிச்சக் கயிறுகளை ஆறுதலாகக் கட்டலாம். குதிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். முழங்கால் போவது அங்கேதான்.

கரை மின்சாரம் உள்ள மரினாவில் ஒருபோதும் குளிக்க இறங்காதீர்கள். ஏதோ ஒரு படகின் வயரிங் பழுதாகித் தண்ணீரில் மின்சாரம் கசிந்தால், நன்னீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது, மனித உடம்பு கடத்தும். அது உடம்பின் வழியே போகும். கடலைவிட ஏரியில்தான் இது ஆபத்து. தசை விறைத்து ஆள் சத்தமில்லாமல் மூழ்குவார். அப்படி யாரையாவது கண்டால் குதிக்காமல் முதலில் மேடையின் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

கழிவறைத் தொட்டியை ஏரியில் திறப்பது ஒன்ராறியோவில் குற்றம். 115 லீற்றர்த் தொட்டி என்றால், நாளுக்கு இருவரும் சேர்ந்து 20 லீற்றர் என்று வைத்தால் ஐந்து நாள். நான்காம் நாளே பம்ப்-அவுட் (தொட்டிக் கழிவை உறிஞ்சி எடுக்கும் வசதி) உள்ள மரினாவில் நில்லுங்கள், டீசலும் அங்கேயே போடலாம். டீசல் செலவு பயப்படும் அளவில் இல்லை. மணிக்கு 10 லீற்றர் என்று கூட்டிப் பிடித்தாலும் நீர்வழி முழுவதுக்கும் 350 லீற்றர்.

விட்பியிலிருந்து ட்ரென்ரனுக்கு வரும் ஒன்ராறியோ ஏரிப் பகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். நியூகாசில், கொபர்க் என்று நின்று, பிரெஸ்க் ஐல் விரிகுடாவுக்குள் நுழைந்து, மரே கால்வாயால் குவின்டே குடாவுக்கு வந்தால் ட்ரென்ரன். காலை ஓட்டம், மதியத்துக்கு முன் துறைமுகம், அவ்வளவுதான்.

திரும்பி வருவதைப் பற்றி யோசித்திருக்க மாட்டீர்கள், யாரும் யோசிப்பதில்லை. அதே 44 லொக்கையும் ஒக்டோபருக்குள் மறுபடி கடப்பதைவிட, மிட்லண்டிலோ பெனற்றாங்குவிஷீனிலோ படகைக் கரையேற்றி மாரிக்கு விட்டுவிட்டு வருவது நல்லது. ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டு மணிக்குள் போய்ப் பார்க்கலாம். இடத்தை யூலையிலேயே பதிவு செய்யுங்கள். கரையேற்றியபின் எஞ்சினின் ஏரித்தண்ணீர் வழியில் இளஞ்சிவப்பு அன்டிஃபிரீஸை, விஷமற்ற புரொப்பிலீன் கிளைக்கோல் வகையை, வடிகட்டி வழியாக ஊற்றி, பின்னால் புகைக்குழாயில் அதே நிறம் வரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். குடிநீர்க் குழாய்கள், கழிவறைப் பம்பு, பின்மேடையில் இருக்கும் ஷவர் எல்லாவற்றுக்கும் அதுவேதான். அந்த ஷவரைத்தான் மறப்பார்கள். வசந்தத்தில் தண்ணீரைத் திறந்ததும் எங்கே வெடித்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.